இடது கன்னம்

மயிலம்மா வெற்றிலை போடுகிறவள் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நாலு பேர் முன்னால், ஒரு டாக்டர் முன்னால், சத்தமாகச் சொன்னவள் நான்தான். சொன்ன வாயை இப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கைக்குள் எங்கள் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றதும் மரம் செடி என்று நினைக்க வேண்டாம். நாற்பத்திரண்டு வீடுகள், இரண்டு பொதுக் குழாய்கள், நடுவில் ஒரு சாக்கடைக் கான், அவ்வளவுதான். என் வாசலும் மயிலம்மா வாசலும் எதிரெதிர். நான் இங்கிருந்து கையை நீட்டினால் அவள் அங்கிருந்து உப்புத் தரலாம். மாளிகாவத்தையிலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவள் நான். என் கணவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. வாசலோடு ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். காலையிலிருந்து இருட்டும்வரை என் கண் துணியில் பாதி, எதிர் வீட்டில் பாதி.

மயிலம்மாவும் அவள் புருஷன் அழகரும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அழகர் வந்த புதிதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். முதுகு விட்டுப்போனபின் லொறிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைப் பெட்டிக்கடை போட்டார். சின்னக் கடைதான். ஆனாலும் கன்டெய்னர் லொறிக்காரர்கள் வேறு கடைகளைத் தாண்டி அங்கே வருவார்கள். காரணம் வெற்றிலையும் அல்ல, அழகரின் பேச்சும் அல்ல. அவர் பேச்சுக்கு ஒரு ஈ கூட நிற்காது. மயிலம்மா கலக்கிக் கொடுக்கிற பாணிப் புகையிலைதான் காரணம்.

அவள் அதைச் செய்கிற விதத்தை நான் இருபத்தாறு வருடம் பார்த்தவள். யாழ்ப்பாணத்து இலையை நரம்பு உரித்து, கையால் கிழித்து, கித்துள் பனையின் பாணியில் ஊறப்போடுவாள். கராம்பும் ஏலமும் இடித்துத் தூவுவாள். சுபஹு தொழுகைக்கு நான் எழும்பும்போது அவள் வாசற்படியில் சட்டியோடு உட்கார்ந்திருப்பாள். இலை ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று சோம்பேறி, ஒன்று ஆளையே தூக்கிப்போடும். அதனால் ஒரு சிட்டிகை எடுத்து, விரலால் இடது கன்னத்துக்குள் வைத்துக்கொள்வாள். வைத்தபிறகு பேசமாட்டாள். நான் ஏதாவது கேட்டால் கையைக் காட்டுவாள், பொறு என்று. வாசல் கூட்டி, பானை கழுவி, மகள் துஷாந்தினிக்குச் சோறு கட்டி முடிந்தபிறகு கானில் துப்பி வாய் கொப்பளிப்பாள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

"இன்னைக்கிக் காரம் தூக்கலா இருக்குங்க. இன்னொரு கரண்டி பாணி ஊத்துங்க."

அழகர் மறுபேச்சுப் பேசாமல் ஊற்றுவார். வாழ்க்கையில் அவர் மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே விஷயம் அது. பிறகு காகிதத்தில் சின்னச் சின்னச் சரையாகச் சுற்றி, தகரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவார்.

தன் பல்லைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமை உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளுடைய அம்மா, சித்தி எல்லாரும் வாய் சிவக்கப் போட்டுச் சுவரெல்லாம் துப்புவார்களாம். அந்த அருவருப்பிலேயே வெற்றிலையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். சிரித்தால் பளிச்சென்று இருக்கும். ஐம்பத்து மூன்று வயதில் இந்தத் தோட்டத்தில் யாருக்கு அப்படிப் பல் இருக்கிறது?

போன வருடம் ஆடி மாதத்தில் பீ.எச்.ஐ. மாத்தயா கடைக்கு வந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கெட்ட மனிதர் அல்ல; அதையும் சொல்லவேண்டும். பாணி, வாசனை, நிறம் சேர்த்த புகையிலை விற்கக்கூடாதென்று சட்டம் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நாங்கள் யாரும் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை, மழை வரும் போகும் என்கிற மாதிரி இருந்தோம். அவர் தகரப்பெட்டியை முகர்ந்து பார்த்து, "மேக தஹனங் நேத?" என்றாராம், இது தடை இல்லையா என்று. பெட்டியோடு எடுத்துப் போனார். கோர்ட்டுக்குப் போய்த் தண்டம் கட்டிவிட்டு வந்த அன்று அழகர் என் வாசலில் நின்று கத்தினார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. ஏசி போட்ட கடையில பொட்டி பொட்டியா சிகரட் விக்கிறான். பில்லு குடுத்து விக்கிறான். எங்க மக அத வித்துத்தான் சம்பளம் வாங்குது. அங்க சட்டம் வராதா? இந்தச் சரைதான் ஊரைக் கொல்லுதா?"

"ரெண்டும் கொல்லும்தானே," என்றேன்.

"அப்ப ரெண்டையும் புடிக்கச் சொல்லுங்க!"

அவர் மகள் துஷாந்தினி வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் காசாளர். அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் சிகரெட் அலுமாரி. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று அடையாள அட்டை கேட்பாள். ஒவ்வொரு பெட்டியிலும் முக்கால்வாசிக்கு மேல் படம், அழுகின வாய், ஓட்டை விழுந்த தொண்டை. "படத்தப் பாத்துட்டு வேணாம்னு போனவங்க ஒருத்தர்கூட இல்ல ஆன்ட்டி. பெருவிரலால படத்த மூடிக்கிட்டே வாங்கிட்டுப் போறாங்க," என்பாள்.

அழகர் ஒரு மாதம் ஒழுங்காக இருந்தார். பிறகு சரைகள் தகரப்பெட்டிக்குப் பதிலாக அவர் சாரத்து மடிப்புக்குள் ஏறின. மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

அதே வருடம் ஐப்பசியில்தான், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, சனசமூக நிலையத்தில் வாய்ப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். அந்தப் பீ.எச்.ஐ.தான் வீடு வீடாக வந்து சொன்னார். கோபத்தில் அழகர் போகமாட்டேன் என்று நின்றார். மயிலம்மா விடவில்லை. அவருடையது முப்பது வருடமாக வெற்றிலை மென்ற வாய், அவளுக்கு ராத்திரியெல்லாம் அந்தப் பயம்தான். குடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் தைக்க வெளிச்சம் இல்லை, துணைக்குப் போனேன்.

பல் டாக்டர் மிதுனா என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒல்லி, கண்ணாடி, நல்ல பொறுமை. அழகரைக் கதிரையில் சாய்த்து, லைட் அடித்து, கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மயிலம்மா அவருடைய செருப்பையும் ஈரக்குடையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உதடு முணுமுணுத்தது.

"கறைதான் கனக்க இருக்கு. இப்போதைக்குப் பயப்பிட ஒண்டும் இல்லை ஐயா. ஆனா விடவேணும், ஓமோ?" என்றது டாக்டர் பிள்ளை.

மயிலம்மாவுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. "முனியாண்டி காப்பாத்திட்டாரு அக்கா," என்று என் கையைப் பிடித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிடுகிற நேரத்தில் டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டது.

"அம்மா, நீங்கள் வெத்திலை போடுறனீங்களோ?"

"இல்லீங்க மிஸ்."

"சிகரெட், சுருட்டு?"

"சேச்சே!"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, சிரித்துக்கொண்டு, "டாக்டர், இவ வெத்திலையத் தொடவும் மாட்டா. பல்லப் பாருங்களே, முத்து மாதிரி ஈக்கி!" என்றேன். வரிசையில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். மயிலம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெற்றிலை போடுகிறவர்களே நாற்பது பேருக்குமேல் மழையில் காத்திருந்தார்கள். அவள் வாயைக் காட்டாமலே நாங்கள் வந்துவிட்டோம்.

யாரும் பொய் சொல்லவில்லை. இதுதான் எனக்கு ஆறாத இடம். அவள் வெற்றிலை போடுவதில்லை. காரம் பார்ப்பாள். எங்கள் கணக்கில் அது வேறு, இது வேறு. கறியில் உப்புப் பார்க்கிறவளை யாராவது சாப்பிட்டுவிட்டாள் என்று சொல்வார்களா?

நோன்பு மாதத்தில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. வழமையாக நான் கொடுக்கிற நோன்புக் கஞ்சியை அழகர் குடிப்பார். அதோடு அனுப்புகிற மிளகாய் அச்சாறு மயிலம்மாவுக்கு. போத்தலோடு வைத்து வழித்துத் தின்பாள். இந்த முறை அச்சாறு திரும்பி வந்தது.

"ஏன் மயிலம்மா, உப்புக் கூடிட்டா?"

"இல்லக்கா. வாய் கொஞ்சம் வெந்திருக்கு. கஞ்சி மட்டும் குடுங்க, அது எதமா எறங்குது."

"எத்தின நாளா?"

"அது... தைப்பொங்கலுக்கு முன்னாலருந்து. சூட்டுக் கொப்புளம்தான். தேங்காப்பால் வச்சிக் கொப்பளிக்கிறேன்."

பெருநாளைக்குப் பிறகும் அந்தச் சூட்டுக் கொப்புளம் போகவில்லை. ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் இல்லாமல் அவளுக்கு விடியாது. இப்போது ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து வலது பக்கமாக மென்றாள். காரம் பார்ப்பதை மட்டும் விடவில்லை. "வைக்கிறப்ப எரியுது, அப்புறம் மரத்துப்போயி நல்லாருக்கு," என்றாள் ஒருநாள். நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். என்ன மனுஷி நான்?

கண்டுபிடித்தது துஷாந்தினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்க்குத் தலை வாரிவிடும்போது கொட்டாவி விட்ட வாயைப் பார்த்திருக்கிறாள். சீப்பைக் கீழே போட்டுவிட்டு என் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா வாய்க்குள்ள வெள்ளையா இருக்கு. நடுவில செவப்பா ஒரு குழி. ஆன்ட்டி, நான் அத நாள் முழுக்கப் பாக்கிறேன். சிகரட் பெட்டியில இருக்கே, அதே படம்."

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. நானும் மெஷினை மூடிவிட்டுப் போனேன். அதே டாக்டர் பிள்ளை, இந்த முறை கிளினிக்கில். லைட்டை அடித்துப் பார்த்ததும் அதன் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. விரலுக்கு உறை மாட்டிக் கன்னத்தை வெளியாலும் உள்ளாலும் பிடித்துப் பார்த்தது. கழுத்தைத் தடவியது.

"அம்மா, வெத்திலை போடுறேல்லை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஆமா மிஸ். சத்தியமா."

"எப்பவாவது? கலியாண வீட்டில?"

"தொட்டதே இல்லீங்க."

"அப்ப இந்த இடத்தில என்ன வைக்கிறனீங்கள்? ஏதோ ஒண்டு நெடுக இதே இடத்தில இருந்திருக்கு. பல்லுக் குத்தின காயமும் இல்லை."

"ஒண்ணும் வைக்கலியே மிஸ்."

அவள் முகத்தில் ஒரு துளி கள்ளமில்லை. டாக்டர் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"சரி. விடிய எழும்பினா நீங்கள் என்ன செய்வீங்கள்? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ பாப்பம்."

மயிலம்மா சொன்னாள். முகம் கழுவுவேன், சாமி கும்பிடுவேன், தேத்தண்ணி போடுவேன், அவருக்குப் பொயல கலந்து குடுப்பேன்.

"எப்பிடிக் கலப்பீங்கள்?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையாலேயே காட்டினாள். நரம்பு உரிப்பது, கிழிப்பது, பாணி ஊற்றுவது. "அப்புறம் காரம் பாக்கணுமில்லீங்களா மிஸ், இல்லாட்டி டிரைவருங்களுக்குத் தலையச் சுத்திரும்," என்று சொல்லிக்கொண்டே, இரண்டு விரலால் இல்லாத சிட்டிகையை எடுத்து வாயைத் திறந்தாள். விரல் தானாகப் போய் அந்தப் புண்ணின்மேல் நின்றது.

பட்ட வலியில் அவள் உடம்பு ஒருமுறை உதறியது. விரலை எடுக்கவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு காலம்?" என்றது டாக்டர் பிள்ளை.

நான்தான் சொன்னேன். "இருபத்தாறு வருஷம். நான் பாத்துக்கிட்டுத்தான் ஈந்தேன்."

துஷாந்தினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் பிள்ளை யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். கடிதம் எழுதியபடியே, "மற்றப் பக்கம் சுத்தமா இருக்கு. அது ஒரு நல்ல விசயம். இனி அந்தச் சட்டியைத் தொடவே கூடாது அம்மா, விளங்குதோ?" என்றது.

"விளங்குதுங்க மிஸ்."

பிறகு மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். தசை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். பெயரைச் சொன்னார்கள். கன்னத்தை வெட்டி, காலிலிருந்தோ கையிலிருந்தோ சதை எடுத்து ஒட்ட வேண்டுமாம். அதற்குப் பிறகு கரண்ட் பிடிக்க வேண்டுமாம், கதிர் அடிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை வந்து வார்டில் சேரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மயிலம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, சிரிச்சா பல்லு தெரியுமா?"

"தெரியும். ஏன் தெரியாம?" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அழகர் மூன்று நாள் சாப்பிடவில்லை. சட்டியைக் கானில் கவிழ்த்துவிட்டு, என் முன்னால் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார், இனிப் பாணிப் புகையிலை இந்த வீட்டில் இல்லை என்று. வெறும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, மெல்லிசாக நறுக்கின வெறும் புகையிலை, அவ்வளவுதான் விற்றார். பீ.எச்.ஐ. மாத்தயா வந்து பார்த்துத் தோளில் தட்டி, "ஹொந்தய் அய்யே," நல்லது அண்ணே என்றுவிட்டுப் போனாராம். லொறிக்காரர்கள் முதல் நாள் முகம் சுளித்தார்கள். இரண்டாம் நாள் பாலத்தடியில் இன்னொரு கடைக்குப் போனார்கள். அங்கேயும் பாணிப் புகையிலைதான், அங்கேயும் சட்டம் அதே சட்டம்தான். ஐந்தாம் நாள் அழகர் காலையில் கொண்டுபோன வெற்றிலையை வாடினபடியே திருப்பிக்கொண்டு வந்தார். அறுப்புக்குப் பிறகு மயிலம்மா மூக்கில் விட்ட குழாய் வழியாகப் பால்மா குடிக்க வேண்டும், கரண்ட் பிடிக்கத் தினமும் மஹரகமவுக்குப் போய்வர வேண்டும். மகள் ஒருத்தியின் சம்பளத்தில் அது நடக்காது என்று அவர்கள் இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை.

சனிக்கிழமை அழகர் தானே கலக்கினார். நான் பார்த்தேன். தானே வாயில் வைத்துப் பார்த்தார். முப்பது வருடம் மென்ற வாய்க்குக் காரமும் தெரியவில்லை, பாணியும் தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பில் சுற்றிக்கொண்டு போனார். மத்தியானமே திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்னாங்க?" என்றாள் மயிலம்மா. அவளுக்கு இப்போது வாய் அரைவாசிதான் திறக்கும்.

"ராமரு... நம்ம ராமரு டிரைவரு. ஒரு சரை போட்டுட்டு வண்டிய எடுத்தாரு. கேட்டத் தாண்டல. கண்ணு இருட்டி, கன்டெய்னரோட போயி மதில்ல சாஞ்சிட்டாரு. வாந்தியா எடுக்கிறாரு."

"ஆளு?"

"ஆளுக்கு ஒண்ணுமில்ல. கேட்டுக்கிட்ட ஒரு ஸ்கூல் வேன் நின்னிச்சு மயிலு. ஒரு முழம்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழகர் படியில் உட்கார்ந்து, "விட்டுறலாம். மூட்டை தூக்கப் போறேன்," என்றார். அறுபது வயதில், அந்த முதுகோடு.

திங்கட்கிழமை காலை. இரண்டு நாளில் வார்ட். மழை விட்டிருந்தது, கான் நிரம்பிச் சத்தம் போட்டது. துஷாந்தினி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அது எதற்கென்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அழகர் உள்ளேயிருந்து சட்டியைக் கொண்டுவந்தார். அவள் முன்னால் வைக்கவில்லை. நிலைப்படிக்கு உள்ளே, மறைத்து வைத்தார். கராம்பு வாசம் என் வாசல்வரை வந்தது.

"பொயல என்னா கட்டு?" என்றாள் அவள்.

"புதுக் கட்டு."

"கொண்டாங்க இங்க."

"வேணாம் மயிலு."

"புதுக் கட்டுன்னா யாருக்குங்க தெரியும்? இன்னொரு வேன் வந்து நிக்கும். கொண்டாங்க."

நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். அழகர் சட்டியை நகர்த்தினார். அவள் ஒரு சிட்டிகை எடுத்தாள். நான் எழும்பி வாசலுக்கு வந்துவிட்டேன்.

"மயிலம்மா! என்ன வேல பாக்கிறா நீ? டாக்டர் என்ன சொன்னா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோணிய வாயால், அந்தப் பழைய வெட்கத்தோடு சிரித்தாள். பல் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது.

"மத்தப் பக்கம் சுத்தமா இருக்குன்னு அந்த மிஸ்தானே அக்கா சொன்னாங்க," என்றாள்.

விரலை வலது கன்னத்துக்குள் வைத்தாள்.

நான் மேலும் ஏதோ கத்தினேன். அவள் பேசவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினாள், பொறு என்று. பிறகு எழுந்து விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டத் தொடங்கினாள். அழகர் கையில் பாணிக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.